விடுதலை நாள் சூப்

மரு இலையைக் கடைசியில்தான் போட வேண்டும், டீச்சரம்மா. கொதிக்கும்போதே போட்டால் கசப்பு இறங்கிவிடும். போன வருஷம் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சதுக்கத்தில் காய்ச்சியதை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சொல்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள், பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கொழுப்பே இல்லை. கொழுப்பில்லாத தண்ணீருக்கு விடுதலை நாள் சூப் என்று பெயர் வைத்து, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டீர்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். முகாம் விடுதலையான நாற்பதாவது வருஷத்துக்கு மலர் போடுகிறீர்கள், அதில் என் கைப்பக்குவம் முழுசாக வர வேண்டும் என்று ஊர்த்தலைவர் சொன்னாராம். முழுசாகவே சொல்கிறேன். எனக்கு எண்பத்தொன்று ஆகிறது. முட்டி வலியைத் தவிர வேறு சீக்கு கிடையாது. ஞாபகமும் பிசகவில்லை.

வாசலில் நிற்கும்போதே இன்னொன்றும் சொன்னீர்கள். புடாபெஸ்டிலிருந்து ஷாரி ரோத் என்று ஒரு பெண் வருகிறாள். அவளுடைய பெரியப்பா யெனோ ரோத் இங்கே ஹிட்லர் ஆட்களின் கைதி முகாமில் செத்துப்போனவர். அவருக்குக் கடைசியாகச் சாப்பாடு போட்ட க்ரெஸென்ஸ் அம்மாளுக்கு, அதாவது எனக்கு, ஞாயிற்றுக்கிழமை மேடையில் பூங்கொத்து கொடுக்கப்போகிறாள். அதோடு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டுமாம். தன் அப்பா லாயோஷ் எங்கே போனார் என்று. அவருடைய உடல் எங்குமே கிடைக்கவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து தேடுகிறாளாம். யெனோவுக்குப் பக்கத்துப் படுக்கையில் கிடந்த ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறாராம். "உன் அப்பா அந்த அம்மா வீட்டில் இருப்பதாக என் காதாலேயே கேட்டேன்" என்று அவர் அவளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம்.

அவர் கேட்டது சரிதான். நான் அப்படித்தான் சொன்னேன்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. சூப்போடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை மேடையில் எல்லோர் முன்னாலும் கேட்கவிடாமல், நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவளுக்கும் நல்லது, என் முட்டிக்கும் நல்லது. எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் கொழுப்பைப் பற்றி. எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது என் அப்பா ரஷ்யக்காரர்களின் சிறையிலிருந்து திரும்பி வந்தார். முதல் உலகச் சண்டையில் பிடிபட்டவர். ஐந்து வருஷம் சைபீரியாவில் கிடந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவரை எங்கள் நாய்க்கே அடையாளம் தெரியவில்லை. கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா நேரே கொல்லைக்குப் போனாள், இருந்த ஒரே வாத்தை அறுத்தாள், அதன் கொழுப்பிலேயே பொரித்து முன்னால் வைத்தாள். அப்பா அழுதுகொண்டே சாப்பிட்டார். "போதும்டி, போதும்டி" என்பார், இன்னொரு துண்டை எடுப்பார். மூன்றாம் நாள் செத்துப்போனார். காலெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி. சைபீரியா கொல்லாத மனுஷனை ஒரு வாத்து கொன்றுவிட்டது.

டாக்டர் அம்மாவை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வருஷக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குப் பத்து நாள் கஞ்சித்தண்ணீரைத்தான் கொடுக்க வேண்டும், அதையும் ஸ்பூன் ஸ்பூனாக. திடீரென்று வயிறு முட்டக் கொழுப்பைக் கொடுத்தால் இதயம் தாங்காது, அது விஷம் மாதிரி என்றார். அம்மா சாகும்வரை வாத்தைத் தொடவில்லை. பாவம், அவளுக்குத் தெரியாது. தெரியாமல் செய்தவளை யாரும் குறை சொல்ல முடியாது.

இனி பன்றிக்கு வருகிறேன். இரண்டாவது சண்டைக்காலத்தில் வீட்டுக்கு இத்தனை பன்றி என்று சர்க்கார் ஆட்கள் எழுதிக்கொண்டு போவார்கள். எழுதாத பன்றியை அறுத்தால் திருட்டு அறுப்பு. பிடிபட்டால் ஜெயில், ஆள் பார்த்துத் தலையே போகும். பக்கத்து மாவட்டத்தில் ஒரு கசாப்புக்காரர் தலை போனது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஊரில் பாதி வீடுகளில் கணக்கில் வராத பன்றி ஒன்று இருந்தது. எங்களிடமும் இருந்தது. நாற்பத்தைந்தாம் வருஷம் ஜனவரியில் அதை அறுத்தோம். அது கத்துவது வெளியே கேட்காமலிருக்க என் வீட்டுக்காரர் கொர்பினியன் முற்றத்தில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்தார். பன்றியா, அவருடைய அக்கார்டியனா, இரண்டில் எது சுருதியோடு கத்தியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் பன்றி அறுத்தால் கொப்பரையில் வெந்த சூப்பைக் கேனில் ஊற்றி அக்கம்பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் டவுனில் வளர்ந்தவர், உங்களுக்கு அது தெரிந்திருக்காது. அனுப்பாவிட்டால் ஏழு தலைமுறைக்கும் பேசுவார்கள். அந்த முறை நாங்கள் யாருக்கும் அனுப்பவில்லை. அடுத்த வீட்டு வால்புர்கா வேலிக்கு மேலே மூக்கை நீட்டினாள்.

"என்னடி ஸென்ஸி, உங்க வீட்டுப் புகைபோக்கி ஒரு வாரமா மணக்குது. எங்க வீட்டுல மூக்கு மட்டும்தான் சாப்பிடுது."

"பழைய தோல் வாடை. கொர்பினியன் செருப்பைக் காயப்போட்டிருக்காரு."

"செருப்புக்கு மிளகு போட்டீங்களோ?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் காட்டிக்கொடுக்க மாட்டாள், அவள் வீட்டுப் பரணிலும் ஒன்று தொங்கியது. மாடியில், இறைச்சிக்குப் புகைபோடுகிற புகை அறையில், எங்கள் இறைச்சி முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. இது முக்கியம், கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

யெனோவைப் பற்றிச் சொல்லவில்லையே. அதோ உங்களுக்குப் பின்னால் இருக்கிறதே, பச்சை ஓடு பதித்த கணப்பு அடுப்பு, அது அவன் கட்டியது. அண்ணன் தம்பி இரண்டு பேருமே கணப்பு கட்டுகிறவர்கள், யூதர்கள். வேலைக்காக வெளியூர் போன இடத்தில் பிடிபட்டு, கடைசியில் எங்கள் காட்டு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பூமிக்கடியில் கட்டிய தொழிற்சாலைக்குக் கான்கிரீட் சுமப்பதுதான் அவர்கள் வேலை. பன்றி அறுத்ததற்கு முந்தின அக்டோபரில் எங்கள் கணப்பு வெடித்துவிட்டது. கைத்தொழில் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டால் முகாமில் ஒருவனைக் காவலோடு அனுப்புவார்கள். யெனோ நான்கு நாள் வந்தான். ஜெர்மன் நன்றாகப் பேசுவான். காவலுக்கு வந்தவன் மேஜையில் உட்கார்ந்து எங்கள் ஆப்பிள் சாராயத்தைக் குடிப்பான், ஆனால் யெனோவுக்கு எதையும் தரக்கூடாது என்று கண் வைத்துக்கொண்டே இருப்பான். நான் ரொட்டியைக் கணப்புக்கு உள்ளேயே, செங்கல்லுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். யெனோ வேலை பார்க்கிற சாக்கில் தலையை உள்ளே விட்டு, அங்கேயே மென்று விழுங்கிவிட்டு, முகமெல்லாம் கரியோடு வெளியே வருவான். நான்கு நாளும் வைத்தேன். எனக்கு இரக்கம் கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது.

போகும்போது, காவலாளிக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான். "அம்மா, இந்தக் கணப்பு உங்க காலத்துக்கும் தாங்கும். உள்ளே நல்ல சரக்கு வெச்சிருக்கேன்."

தாங்கத்தான் செய்கிறது. ஒரு நாள்கூடப் புகைந்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, வைக்கோல் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். வைக்கோலுக்குள் ஓர் ஆள். கைதிகளின் கோடு போட்ட சட்டை, காலில் சிமெண்ட் சாக்கைச் சுற்றியிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் பயப்படவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

"பச்சைக் கணப்பு வீட்டம்மா நீங்கதானே? நான் லாயோஷ், யெனோவோட தம்பி. தப்பிச்சா இந்த வீட்டுக்குத்தான் போகணும்னு அண்ணன் சொன்னான். ரெண்டே நாள்மா. காலு கொஞ்சம் ஆறட்டும், போயிடறேன்."

வெதுவெதுப்பாகப் பால் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். ஊரில் மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்றான். "ஷாரின்னு பேரு. இப்ப இவ்வளவு உசரம் இருப்பா" என்று வைக்கோலிலிருந்து இரண்டு முழம் மேலே கையை நிறுத்திக் காட்டினான். நீங்கள் வாசலில் அந்தப் பெயரைச் சொன்னவுடனேயே யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. பூங்கொத்து கொடுக்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

"சத்தம் போடாம இரு, ரொட்டி கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கொண்டுவரத்தான் நினைத்தேன். வாசலில் நின்று பார்த்தால், கீழ்த்தெருவில் நான்கு முகாம் காவலாளிகள், இரண்டு நாய்கள். வீடு வீடாக ஏறி இறங்கி வருகிறார்கள். எங்கள் வீடு ஏழாவது. நாய்களுக்கு மனுஷ வாடையும் தெரியும், புகைபோட்ட பன்றி இறைச்சியின் வாடையும் தெரியும். உள்ளே வந்தால் இரண்டும் அகப்படும். அவனை ஒளித்தேன் என்று எங்களைச் சுடுவார்கள். அவனை எங்கேயாவது துரத்திவிட்டாலும் இறைச்சிக்காகக் கொர்பினியன் தலை போகும். இப்போது நீங்கள் என்னைப் பார்க்கிற மாதிரி பார்க்காதீர்கள். நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன். ஊர்க் காவலர் அங்கே நின்றார். "என் கொட்டகையில இருக்கான். பின்பக்கமா வாங்க. நாயை மட்டும் வீட்டுக்குள்ள விடாதீங்க, கோழிங்க மிரளும்" என்றேன்.

"நல்ல காரியம் பண்ணீங்க, ஸென்ஸியம்மா" என்றார்.

பின்பக்கமாகத்தான் வந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், வீட்டுக்குள் யாரும் வரவில்லை. லாயோஷ் கொட்டகைக் கதவு திறந்த சத்தம் கேட்டு எழுந்து நின்றான். ரொட்டி வருகிறது என்று நினைத்திருப்பான். ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே ஓர் ஊசியிலை மரம் இருந்தது. இரண்டு வெடி கேட்டது. தப்பவிட்டது தெரிந்தால் மேலதிகாரி தோலை உரித்துவிடுவார் என்று அங்கேயே புதைத்துவிட்டு, ரயில் பாதையில் குண்டு விழுந்து செத்தான் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். பால் குவளையைக் காவலர் மரியாதையாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். இதையெல்லாம் அவர்தான் சொன்னார்.

மத்தியானம் விறகு வெட்டிவிட்டு வந்த கொர்பினியனிடம் சொன்னேன்.

"நாய் மோப்பம் பிடிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப சரி" என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஐம்பத்தொன்றாம் வருஷம் செத்துப்போனார், அதுவரைக்கும் பேசவில்லை.

ஏப்ரல் கடைசியில் அமெரிக்கர்கள் வந்தார்கள். முகாமில் நடக்க முடிந்தவர்களையெல்லாம் காவலாளிகள் இரண்டு நாள் முன்பே மலைப்பக்கம் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நடக்க முடியாதவர்கள் குடிசைகளில் கிடந்தார்கள், அப்படி ஓர் இருநூறு பேர். சரணடைகிறோம் என்று நாங்கள் ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கவிட்டோம்.

"உன் சீதன விரிப்பையா தொங்கவிட்டே?" என்றாள் வால்புர்கா. "கொர்பினியனுக்குக்கூட நீ அதை விரிச்சதில்லையேடி."

மறுநாள் காலையில் ஓர் அதிகாரி ஊரைக் கூட்டினார். வீட்டுக்கு ஓர் ஆள் முகாமுக்குப் போய்ச் செத்தவர்களைப் புதைக்க வேண்டும், போர்வை, துணி, சாப்பாடு எது இருந்தாலும் கொடுக்க வேண்டும் என்றார். அவர் பேசியதை ஒரு சார்ஜண்ட் ஜெர்மனில் சொன்னான். அவன் தாத்தா இந்தப் பக்கத்து ஆக்ஸ்பர்க்காரராம், எங்கள் பேச்சை எங்களைவிடக் கொச்சையாகப் பேசினான். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவன் முகாமிலிருந்து காற்றடிக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பி ஒரு தடவை மூச்சை இழுத்தான்.

முதல் நடை போன வால்புர்கா பத்து மணிக்குத் திரும்பி வந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. தண்ணீர் குடித்த பிறகு சொன்னாள்.

"ஸென்ஸி, அங்க ஒருத்தன் உன்னைத்தான் கேக்கறான். பச்சைக் கணப்பு வீட்டம்மா எங்க, பச்சைக் கணப்பு வீட்டம்மா எங்கன்னு எல்லார்கிட்டயும். நாளைக்கு அந்த ஆபீசரு ஒவ்வொருத்தன்கிட்டயும் யார் என்ன செஞ்சாங்கன்னு எழுதி வாங்கப்போறாராம். நீ ரொட்டி குடுத்தியே, அதைத்தான் சொல்லப்போறான். உனக்கு என்னடி, யோகந்தான்."

யெனோ ஏன் என்னைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாதா? தம்பி யார் வீட்டைத் தேடி ஓடினான் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதை அவன் அதிகாரியிடம் சொன்னால் போதும், மற்றதை அவர்கள் தோண்டி எடுத்துவிடுவார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. பசு சினையாக இருந்தது. கொர்பினியனுக்கு ஒரு முட்டைகூட வேகவைக்கத் தெரியாது.

நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். உருளைக்கிழங்கு உரித்தேன்.

அளவு எழுதிக்கொள்ளுங்கள். பன்றி அறுக்கிற முப்பது லிட்டர்க் கொப்பரை. புகைபோட்ட வயிற்று இறைச்சி ஆறு கிலோ, தோலோடு. புகை அறையில் மிச்சமிருந்தது அவ்வளவுதான், முழுவதையும் இறக்கிவிட்டேன். இரண்டு ஜாடி பன்றி நெய். பெரிய வெங்காயம் பதினைந்து, அந்த நெய்யிலேயே சிவக்க வதக்க வேண்டும். பார்லி இரண்டு கிலோ, முதல்நாள் ஊறவைக்காவிட்டாலும் பரவாயில்லை. உருளைக்கிழங்கு ஒரு கூடை. உப்பு இறைச்சியிலேயே இருக்கும், மேற்கொண்டு போட வேண்டாம். மூன்று மணி நேரம் கொதிக்க வேண்டும். மேலே ஒரு விரல்கடை கொழுப்பு பொன்னாக மிதக்கும். பிள்ளைகள் அதை வழித்து எடுத்துவிடுகிறார்கள், வழிக்கக்கூடாது. கடைசியில் மரு இலையைக் கசக்கித் தூவி மூடிவிட வேண்டும்.

என் அப்பா எனக்கு ஞாபகம் வந்தாரா என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைக்கிறீர்கள். வெங்காயம் வதக்கும்போது முழு நேரமும் ஞாபகத்தில் இருந்தார்.

நானும் வால்புர்காவும் பால் கேன்களில் ஊற்றிக் கைவண்டியில் இழுத்துப் போனோம். மணம் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. முகாம் வாசலில் நின்ற சிப்பாய்கள் வழிவிட்டார்கள். அந்த சார்ஜண்ட் கேனைத் திறந்து பார்த்தான், தொப்பியைக் கழற்றிவிட்டான். "அம்மா, இந்த ஊர்ல ஒருத்தருக்காவது மனசு இருக்கே" என்றான். அப்போது இராணுவ டாக்டர்கள் வந்திருக்கவில்லை, மறுநாள்தான் வந்தார்கள். இதைத் தரக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவர் அங்கே யாருமே இல்லை. ஓர் ஆளைத் தவிர.

முதல் குடிசையிலேயே அவன் இருந்தான். தரைக்குள் பாதி புதைந்த குடிசை, இரண்டு பக்கமும் பலகை, அதன்மேல் மனுஷர்கள். அவன் ஒருவனுக்கு மட்டும் ஊற்றினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வாசலிலிருந்தே வரிசையாக எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு போனேன். சிலர் என் கையை முத்தமிட்டார்கள். ஒரு கிழவர் டப்பாவை நக்கி முடித்துவிட்டு அடுத்தவருடையதைப் பிடுங்கப் பார்த்தார், அவருக்கும் இன்னொரு கரண்டி ஊற்றினேன். கிழவர் என்று நினைத்தேன், பிறகு புதைத்தவர்கள் பட்டியலில் பார்த்தால் அவருக்கு முப்பத்திரண்டு வயது.

யெனோ கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் ஒருவன், காய்ச்சலில் வாயையே திறக்க முடியாமல் கண்ணை மூடிக் கிடந்தான். வாய்தான் மூடியிருந்தது போலிருக்கிறது, காது திறந்தே இருந்திருக்கிறது. ஷாரிக்குக் கடிதம் எழுதியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு சொட்டுகூட அவர் குடிக்கவில்லை.

"வந்துட்டீங்களாம்மா" என்றான் யெனோ. "கணப்பு எரியுதா?"

"எரியுது. புகையே இல்ல."

"நான்தான் சொன்னேனே." சிரித்தான். பல் முக்கால்வாசி போயிருந்தது. பிறகு என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். "லாயோஷ் வந்து சேர்ந்தானா? குண்டு விழுந்து செத்துட்டான்னு காவலுக்கு இருந்தவனுங்க சொன்னானுங்க. நான் நம்பல. உங்க வீட்டுக்குத்தான் வந்திருப்பான், நீங்க ஒளிச்சு வெச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் காலையிலேர்ந்து உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

பாருங்கள், டீச்சரம்மா. அவனுக்கு ஒன்றுமே தெரியாது. என்னைக் காட்டிக்கொடுக்க அவன் தேடவில்லை. நன்றி சொல்லத் தேடியிருக்கிறான்.

கிண்ணம் அவன் கையில் இருந்தது. ஒரே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்து, விழுங்காமல் வெகு நேரம் வைத்திருந்து, பிறகு விழுங்கினான். கிண்ணத்தைக் கீழே வைத்தான். "மெதுவாத்தாம்மா குடிக்கணும். வயிறு பழக்கமே மறந்துபோச்சு. இன்னிக்கு இது போதும், மீதியை நாளைக்கு வெச்சுக்கறேன்" என்றான். விவரம் தெரிந்தவன். நான் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். கையை நீட்டினால் எடுத்துவிடலாம், அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

ஆனால் அவன் பிழைத்தால் தம்பியைத் தேடுவான். இன்றைக்கு என்னைக் கேட்டான், நாளைக்கு வால்புர்காவைக் கேட்பான், நாளை மறுநாள் காவலரைக் கேட்பான். சார்ஜண்ட் அவனுக்குத் துணையாகக் கேட்பான். கேட்டுக்கொண்டே இருக்கிறவனுக்கு என்றைக்காவது ஒருநாள் பதில் கிடைத்துவிடும்.

நான் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தேன். கிண்ணத்தை எடுத்து மறுபடி அவன் கையில் வைத்தேன். "லாயோஷ் எங்க வீட்டுலதான் இருக்கான்" என்றேன். "கால் ஆறிடுச்சு. ஷாரியைப் பத்தித்தான் எந்நேரமும் பேச்சு. உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பினான். ஆனா அரை மைல் நடக்கணுமேப்பா, இந்த உடம்போட எப்படி நடப்பே? இதைக் குடி. தெம்பு வரட்டும். குடிச்சு முடி, போகலாம்."

அவன் என்னையே பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஷாரியைப் பத்திச் சொன்னானா?" என்றான்.

"இவ்வளவு உசரம் இருப்பாளாமே" என்று கையால் காட்டினேன்.

அதற்கப்புறம் அவன் ஸ்பூனைத் தேடவே இல்லை. கிண்ணத்தை அப்படியே வாயில் வைத்துக் குடித்தான். கொழுப்பு தாடையில் வழிந்தது, நான் துடைத்துவிட்டேன். இன்னொரு கரண்டி ஊற்றினேன். அதையும் குடித்தான். மூன்றாவதை அவனே கேட்டான். "நடந்துடுவேன்மா, இப்ப நடந்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் கண்ணயர்ந்து எழு, வண்டியோடு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் செத்துப்போனான். வாக்குமூலம் வாங்க அதிகாரி அந்தக் குடிசைக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே.

அந்த வாரத்தில் அந்தக் குடிசையிலிருந்து முப்பத்துநான்கு பேரைப் புதைத்தோம். காய்ச்சலில் செத்தவர்கள் எத்தனை, சூப்பில் செத்தவர்கள் எத்தனை என்று டாக்டர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானும் பிரித்துப் பார்த்ததில்லை. இராணுவ டாக்டர் காலிக் கேன்களைப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஏதோ கத்தினார். சார்ஜண்ட் அதை எனக்கு மொழிபெயர்க்காமல், தோளில் கை வைத்துச் சொன்னான். "அழாதீங்கம்மா. அன்பு மிஞ்சிப்போச்சு, அவ்வளவுதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உண்மையிலேயே அழுதுகொண்டுதான் இருந்தேன். நடிக்கவில்லை. என் அப்பாவுக்குச் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதேன்.

அதற்கப்புறம் சார்ஜண்ட் நடந்ததைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான், இந்த அம்மாள் தன் வீட்டில் இருந்ததையெல்லாம் கொடுத்தார் என்று. அந்தக் காகிதத்தைக் காட்டிய பிறகு எங்களை யாரும் விசாரிக்கவில்லை. அதைக் கண்ணாடி போட்டு மாட்டியது கொர்பினியன் இல்லை, ஊர்த்தலைவர்தான். அந்தக் காலத்து ஊர்த்தலைவர். வருஷா வருஷம் சூப் காய்ச்ச வேண்டும் என்று தொடங்கி வைத்ததும் அவர்தான். முகாமைப் பற்றி யாராவது கேட்டால் காட்டுவதற்கு இந்த ஊருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. இருந்தது நான் மட்டும்தான். கொர்பினியன் ஒரு வருஷம்கூடச் சதுக்கத்துக்கு வரவில்லை. சூப்பே குடிக்கமாட்டார், ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்பார். பிடிவாதக்காரர்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? ஷாரியின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே. ஓடைக்கரை ஊசியிலை மரத்தை அறுபத்திரண்டில் வெட்டிவிட்டார்கள். அங்கேதான் இப்போது கால்பந்து மைதானம். வடக்குப் பக்கத்துக் கோல் கம்பத்திலிருந்து பத்தடி பின்னால், வேலியை ஒட்டித் தோண்டச் சொல்லுங்கள். ஆழமாக இருக்காது, அன்றைக்கு மண் உறைந்திருந்தது. காலில் சுற்றிய சாக்கு மக்கியிருக்கும், எலும்பு இருக்கும்.

மேடைக்கு வர எனக்குக் கூச்சம் இல்லை. கூப்பிட்டால் வருகிறேன். போலீசைக் கூப்பிட்டாலும் வருகிறேன், ஆனால் மாடிப்படி இல்லாத இடமாக இருந்தால் நல்லது. நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். அவள் என்னைத் திட்டுவாள், திட்டட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த முகாமில் எத்தனையோ பேர் செத்தார்கள், அதில் சிரித்த முகத்தோடு செத்தவன் அவள் பெரியப்பா ஒருவன்தான். தம்பி உயிரோடு இருக்கிறான், நாளைக்குப் பார்க்கப்போகிறோம் என்று நம்பிக்கொண்டே போனான். இந்த ஊரில் வேறு யாரும் அவனுக்கு அதைக் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

அவன் பசியோடு சாகவில்லை, டீச்சரம்மா. அதை மட்டும் நான் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன்.